பத்திரிகை அடிப்பவனுக்கு எந்தச் செயலி? வாட்ஸ்அப்பும் டெலிகிராமும், கொஞ்சம் சிக்னலும் அரட்டையும்

குடியாத்தத்தில் கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துக்கொடுக்கிற சின்ன அச்சகம் என்னுடையது. வாடிக்கையாளர் கடைக்கு வந்து பேசுவது அரை மணி நேரம். மீதியெல்லாம் கைப்பேசியில்தான் நடக்கிறது. மணமகள் பெயரில் ஒற்றெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லும் குரல் பதிவு இரவு பதினொரு மணிக்கு வரும். தையல்காரருக்குக் கத்தரிக்கோல் எப்படியோ, எனக்கு இந்தச் செய்திச் செயலிகள் அப்படி. வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், ஸோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' என்று நான்கையும் வைத்துப் பார்த்துவிட்டேன். கடை வேலைக்கு டெலிகிராம் என்று முடிவெடுத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே இந்தத் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் நிற்கும், தெரிந்துகொண்டு படியுங்கள்.

சுலபமானவற்றை முதலில் தள்ளிவிடலாம். எதற்கும் காசு கட்ட வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் எழுதலாம், பேசலாம், முகம் பார்க்கலாம். வாட்ஸ்அப் 2009-இல் தொடங்கியது, 2014-இல் ஃபேஸ்புக் கைக்குப் போனது. டெலிகிராம் 2013-இல் துரோவ் சகோதரர்கள் ஆரம்பித்தது. வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர், டெலிகிராம் குழுவில் 2 லட்சம் பேர் என்று பெருமையாகச் சொல்வார்கள். 2 லட்சம் என்றால் எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கூட்டத்தையே உள்ளே அடைத்துவிடலாம். எனக்குத் தேவையோ இரண்டே பேர்: மாப்பிள்ளை வீட்டில் ஒருவர், பெண் வீட்டில் ஒருவர்.

ஆள் பலத்தில் வாட்ஸ்அப்பை அசைக்க முடியாது. பேர்ணாம்பட்டுப் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பெரியவரிடம் "டெலிகிராம் இறக்கிக்கொள்ளுங்கள் ஐயா" என்று சொன்னால், தலையை ஆட்டிவிட்டு அடுத்த தெரு அச்சகத்துக்குப் போய்விடுவார். வாடிக்கையாளரோடு பேச்சு வாட்ஸ்அப்பில்தான் நடந்தாக வேண்டும். இதில் வாதத்துக்கு இடமில்லை.

படத்தின் தரத்தைப் பற்றி மட்டும் ஒரு தவறான பேச்சு உலவுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் கெட்டுவிடும், டெலிகிராமில் அனுப்பினால் கெடாது என்கிறார்கள். இரண்டுமே படமாக அனுப்பினால் சுருக்கித்தான் அனுப்புகின்றன. கைப்பேசியில் எடுத்த 4000 புள்ளி (பிக்சல்) அகலப் படம் வாட்ஸ்அப்பில் வழக்கப்படி வந்து சேரும்போது ஏறக்குறைய 1600 புள்ளியாகிவிடும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சுக்கணக்குப் போட்டால் அது ஐந்தே கால் அங்குலம். பத்திரிகையின் மூலையில் தாத்தா படம் வைக்க அது தாராளம். 12-க்கு 18 அங்குல போஸ்டருக்கு வைத்தால் முகம் நீரில் கரைந்த மாதிரி இருக்கும். ஆனால் எந்தச் செயலியிலும் படத்தை 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்து அனுப்பினால் ஒரு புள்ளியும் குறையாமல் வரும். ஒரு கோப்பு 2 ஜிபி வரை அனுப்பலாம் என்பதிலும் இரண்டும் சமம். தரத்தை வைத்து டெலிகிராமைத் தூக்கிப்பிடிப்பது நியாயமில்லை.

என்னை மாற்றியது வேறொன்று. வந்த கோப்பு எத்தனை நாள் இருக்கும் என்கிற கேள்வி.

2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி வழிந்து கவுண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்தபோது என் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நானும் உதவிக்கு இருக்கிற பையனும் தாள்கட்டுகளை எல்லாம் பரண்மேல் ஏற்றினோம். மேசைக்கு அடியில் இருந்த கணினிப் பெட்டியை மறந்துவிட்டோம். தாள் நனையும் என்று தெரிந்த மூளைக்குக் கோப்பும் நனையும் என்று தோன்றவில்லை. ஆறு வருட வேலை அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

போகட்டும், எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்ததுதானே என்று கைப்பேசியைத் திறந்தேன். பேச்சு இருந்தது, கோப்பு இல்லை. இடம் போதவில்லை என்று மாதாமாதம் நானே அழித்திருந்தேன்; குற்றம் என்னுடையதுதான். மங்கலாகத் தெரிந்த படங்களைத் தொட்டால், அனுப்பியவரையே மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. அப்போதுதான் அதன் இயல்பு புரிந்தது. வாட்ஸ்அப் தபால்காரர் மாதிரி. கடிதத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்ததும் அவர் வேலை முடிந்தது, நகல் எடுத்து வைத்துக்கொள்ள மாட்டார். கோப்பைக் கொஞ்ச நாள் தன் சர்வரில் வைத்திருந்துவிட்டு நீக்கிவிடும். அதன்பிறகு அது உங்கள் கைப்பேசியில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கூகுள் கணக்கில் காப்பு எடுத்து வைக்கலாமே என்று கேட்பீர்கள். எடுக்கலாம். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. மின்னஞ்சல், புகைப்படம், கோப்பு எல்லாம் அதற்குள்தான். முன்பு ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் காப்பு இந்தக் கணக்கில் சேராது. 2024 முதல் அதுவும் சேர்கிறது. முகூர்த்தம் நெருக்கமாக வருகிற வைகாசியில் எனக்கு வருகிற கோப்புகளுக்கு அந்த 15 ஜிபி எந்த மூலைக்கு?

டெலிகிராம் இதற்கு நேர்மாறு. கோப்பு அதன் சர்வரிலேயே இருக்கிறது. கைப்பேசியில் இருப்பது வெறும் நிழல். நிழலை எத்தனை முறை அழித்தாலும் மறுபடி தொட்டால் இறங்கிவிடும். கைப்பேசி உடைந்தாலும், கணினி மாறினாலும், எண்ணைப் போட்டு உள்ளே நுழைந்தால் பழையது எல்லாம் அப்படியே நிற்கும். மொத்தமாக எவ்வளவு வைக்கலாம் என்பதற்கும் வரம்பு போடவில்லை. நானும் பையனும் மட்டும் இருக்கிற தனிச் சேனல் ஒன்று வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் வருகிற படம், எழுதிக்கொடுத்த தாளின் புகைப்படம், திருத்திய புரூஃப், கடைசி பி.டி.எஃப் எல்லாவற்றையும் கணினியில் இறக்கி, அந்தச் சேனலுக்குள் இழுத்துப் போட்டுவிடுவோம். கீழே ஒரு வரி: ஊர், குடும்பத் தலைவர் பெயர், மாதம், ஆண்டு. இரட்டை வேலைதான். ஒரு கல்யாணத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

அந்த ஐந்து நிமிடத்துக்குக் கூலி போன ஆவணியில் கிடைத்தது. மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய பத்திரிகையை எடுத்து வைத்தார் ஒருவர். 2022-இல் மூத்த பெண்ணுக்கு நான் அடித்தது. இளையவளுக்கும் அதே மாதிரி வேண்டும். மாற்றங்கள் மூன்று. அவருடைய தந்தை பெயருக்கு முன்னால் 'திரு' இருந்த இடத்தில் 'தெய்வத்திரு' வர வேண்டும். சம்பந்தி ஊரான ஆம்பூருக்குக் கீழே பழைய பழக்கத்தில் வேலூர் மாவட்டம் என்று போட்டிருந்ததை, 2019-லேயே பிரிந்துவிட்ட திருப்பத்தூர் மாவட்டமாக்க வேண்டும். (எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் இன்னும் வட ஆற்காடு மாவட்டம் என்றே எழுதிக்கொண்டு வருவார்கள். அதைத் திருத்த எனக்கு மனம் வராது, திருத்தாமலும் விட முடியாது.) மூன்றாவதாக, தந்தையின் படத்தைக் கொஞ்சம் பெரிதாக வைக்க வேண்டும்.

"அந்தப் படம் இருந்த செல்போன் போய்விட்டது தம்பி. இந்தப் பத்திரிகையிலிருந்தே எடுத்துக்கொள்ள முடியுமா?" என்றார்.

முடியாது. அச்சில் இருப்பது படமில்லை, மைப்புள்ளிகள். ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் முகத்தில் சல்லடை விழுந்துவிடும். டெலிகிராமில் 'குடியாத்தம்' என்று போட்டு அவர் பெயரைத் தேடினேன், வரவில்லை. ஒரு நொடி வயிறு கலங்கியது. பிறகு நினைவு வந்தது, பையன் எங்கள் ஊரின் இன்னொரு பெயரான 'குடியேற்றம்' என்றுதான் எப்போதும் எழுதுவான். மாற்றிப் போட்டதும் வந்துவிட்டது. படத்தில் அவர் தந்தை வெள்ளை வேட்டியோடு தறிக்கு முன்னால் உட்கார்ந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருக்கிறார். 4000 புள்ளி, அனுப்பியபோது இருந்த அதே தெளிவு. வந்தவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதை எனக்கு அனுப்பிவிடு என்றார். எதில் அனுப்பினேன் என்று நினைக்கிறீர்கள்? வாட்ஸ்அப்பில்தான், டாக்குமெண்டாக.

இனி டெலிகிராமின் குறை. சிறிய குறை இல்லை இது. வாட்ஸ்அப்பில் 2016 முதல் எல்லாப் பேச்சும் இரு முனைக்கும் இடையே பூட்டி அனுப்பப்படுகிறது. நடுவில் இருக்கிற நிறுவனம் படிக்க முடியாது. டெலிகிராமில் செய்திக்கும் கோப்புக்கும் அந்தப் பூட்டு 'ரகசிய அரட்டை' என்று தனியாகத் திறக்கிற உரையாடலுக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் அவர்கள் சர்வரில், அவர்கள் சாவியில் இருக்கிறது. நான் பாராட்டுகிற வசதி இந்தப் பலவீனத்தின் மறுபக்கம்தான். சாவி அவர்களிடம் இருப்பதால்தான் என் கோப்பு எந்தச் சாதனத்திலும் திறக்கிறது.

கல்யாணப் பத்திரிகையில் ரகசியம் ஏது? ஐந்நூறு பேருக்குக் கொடுக்கத்தானே அடிக்கிறோம், வீட்டு முகவரியும் கைப்பேசி எண்ணும் போட்டு. ஆனால் என் கடையில் நகல் எடுக்கிற இயந்திரமும் இருக்கிறது. ஆதாரும் வங்கிப் புத்தகமும் மருத்துவ அறிக்கையும் வாட்ஸ்அப்புக்கு வருகின்றன. அவற்றில் ஒன்றைக்கூட டெலிகிராம் பக்கம் கொண்டுபோனதில்லை. நகல் எடுத்ததும் அவர் கண்முன்னே கைப்பேசியிலும் கணினியிலும் அழித்துவிடுவேன். வழக்கறிஞரோ மருத்துவரோ என்னைப் பார்த்து டெலிகிராமுக்கு மாறினால் அது தவறு.

2024 ஆகஸ்டில் டெலிகிராமை நடத்துகிற பாவெல் துரோவை பாரிஸ் அருகே விமான நிலையத்தில் கைது செய்த செய்தி வந்த இரவு எனக்குத் தூக்கம் போனது. அவருக்காக இல்லை, என் சேனலுக்காக. மறுநாளே ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கிவந்து, கணினி டெலிகிராமில் இருக்கிற ஏற்றுமதி வசதியால் எல்லாவற்றையும் இறக்கினேன். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை இறக்கி, டிஸ்க்கை வீட்டில் பீரோவில் வைக்கிறேன், மேல் தட்டில். இலவசமாக இடம் தருகிறவர் நாளை கணக்கை மாற்றினால் கேட்க நமக்கு உரிமை இல்லை.

இரண்டு அமைப்புகளை மட்டும் முதல் நாளே சரிசெய்துவிடுங்கள். ஒன்று, இரண்டாம் கட்டக் கடவுச்சொல். இல்லையென்றால் உங்கள் எண்ணுக்கு வருகிற ஒற்றைக் குறியீட்டைத் தட்டிப்பறித்தவன் நான்காண்டு வேலைக்குள் புகுந்துவிடுவான். இரண்டு, முன்பின் தெரியாதவர் உங்களைக் குழுவில் சேர்க்க முடியாதபடி தடுப்பது. வீட்டிலிருந்தே நாளுக்கு மூவாயிரம் என்று ஆசைகாட்டுகிற கும்பல்களுக்கு டெலிகிராம் பிடித்தமான சந்தை. உதவியாளர் இருந்தால், சேனலில் அவருக்குப் பதிவிடும் உரிமை கொடுங்கள், அழிக்கும் உரிமை வேண்டாம்.

சிக்னலை நான் மூன்று மாதம் மட்டுமே வைத்திருந்தேன். 2021 ஜனவரியில் வாட்ஸ்அப்பின் தனியுரிமைக் கொள்கை பற்றிக் கூச்சல் எழுந்தபோது எல்லோரையும் போல நானும் ஓடினேன். ரகசியம்தான் முதல் தேவை என்றால் அதற்கு மேல் இல்லை என்பார்கள், அதை நடத்துவதும் லாப நோக்கமில்லாத அறக்கட்டளை. ஆனால் பழையதைச் சேர்த்து வைப்பதற்காக உருவானது அல்ல அது. என் தொழிலோ பழையதைத் தேடி எடுப்பதில்தான் இருக்கிறது.

அரட்டையைப் பற்றிச் சொல்லவும் எனக்குத் தயக்கம். ஸோஹோ 2021-இல் கொண்டுவந்தது; 2025 செப்டம்பர் இறுதியில் ஊரே அதில் ஏறியபோது நானும் ஏறினேன். தமிழ்ப் பெயர் என்கிற ஆசை எனக்கும் உண்டு. அந்த நெரிசலின்போது அழைப்புகளுக்குத்தான் முழுப் பூட்டு இருந்தது, எழுத்துச் செய்திக்கு இல்லை. நமக்கு நாமே கோப்பு போட்டு வைத்துக்கொள்ளப் 'பாக்கெட்' என்று ஓரிடம் கொடுத்திருக்கிறார்கள், எனக்குப் பிடித்த யோசனை. ஆனால் ஒரு மாதம் பழகியவன் சொல்லுக்கு ஒரு மாத மதிப்புதான். இரண்டு முகூர்த்த காலம் அதில் ஓட்டிப் பார்த்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்வேன். தொடங்கிய வேகத்தில் வந்த என் வாடிக்கையாளர்கள் பலர் இப்போது அதில் பதில் சொல்வதில்லை.

கடை முகப்பில் புதிய பலகை ஒன்று மாட்டியிருக்கிறேன். அதில் இருப்பது வாட்ஸ்அப் எண். அதற்குக் கீழே, படத்தை டாக்குமெண்டாக அனுப்பவும் என்று சிவப்பில் எழுதி, எப்படி அனுப்புவது என்று மூன்று படங்கள் வரைந்திருக்கிறேன். டெலிகிராம் என்ற பெயரே பலகையில் இல்லை.