வகுப்பைப் பதிவு செய்ய: ஆசிரியரின் லேப்டாப்பா, தானாக ஓடும் பெட்டியா?

லேப்டாப்பில் ஓபிஎஸ் என்ற வீடியோப் பதிவு மென்பொருளைப் போட்டால் அது இலவசம், நல்ல காலர் மைக் மட்டும் வாங்கினால் போதும். ஆனால் ரெக்கார்ட் பட்டனை அழுத்த மறந்தால் அன்றைய பாடம் போச்சு. நடுவில் சார்ஜ் தீர்ந்து அணைந்தால் சாதாரண எம்பி4 கோப்பு பெரும்பாலும் திறக்காது. பாதியில் நின்றாலும் திறக்கும் எம்கேவி வடிவில் பதிந்துவிட்டு, பிறகு ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக ரீமக்ஸ் (படத்தைத் தொடாமல் கோப்பு வடிவத்தை மட்டும் மாற்றுவது) செய்வதே பத்திரம். பதிவு வேகத்தை 2,500 கேபிபிஎஸ் (நொடிக்கு 2,500 கிலோபிட்) என்று வைத்தால் ஒரு மணி நேர வீடியோ சுமார் 1.1 ஜிபி.

வகுப்பு வீடியோக்களைப் பதிந்து நிர்வகிக்கும் ஓப்பன்காஸ்ட் மென்பொருள் ஓடும் சர்வரோடு அறைக்கொரு பதிவுப் பெட்டி வைத்தால் பட்டன் வேலையே இல்லை. பெட்டி கால அட்டவணையைச் சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளும். மணி அடித்ததும் ஆசிரியரையும் ஸ்லைடையும் தனித்தனி வீடியோவாகப் பதிந்து, தானே ஏற்றும். கோளாறு வேறு இடத்தில் வரும். பெட்டியின் கடிகாரம் ஐந்து நிமிடம் பிந்தினால் பாடத்தின் தொடக்கம் காணாமல் போகும், நெட்வொர்க் வழியே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி கட்டாயம். ஸ்லைடு கறுப்பாக வந்தால் வீடியோவை நகலெடுக்க விடாத எச்டிசிபி பூட்டைச் சந்தேகியுங்கள். சர்வரைப் பார்த்துக்கொள்ள லினக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும், இதைத்தான் பலரும் பட்ஜெட்டில் சேர்ப்பதில்லை.

ஓரிரு ஆசிரியர்கள் என்றால் ஓபிஎஸ்ஸே போதும். நாலைந்து அறைகளில் தினமும் வகுப்பு என்றால் பெட்டிதான். மைக்கை ஆன் செய்ய மறந்தால் மட்டும் இரண்டுமே ஊமைப்படம்தான் தரும்.