ஈரப் புல்தரையில் லெவலிங் ராம்ப்: ஆறு வருட அனுபவம்

எங்கள் மோட்டார்ஹோமுக்கு (உள்ளேயே தங்கித் தூங்கும் வண்டி) ஆறு வருடமாக ஒரே ஜோடி மஞ்சள் பிளாஸ்டிக் ராம்ப்தான். சாய்ந்த தரையில் வண்டி மட்டமாக நிற்கச் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் சரிவுக் கட்டை அது. மூன்று படி வைத்தது, மேல்படி ஏறக்குறைய 10 செ.மீ. உயரம் வரும். வண்டி ஃபியட் டுக்காட்டோ வேன் சேஸியில் கட்டிய பழைய வண்டி. எஞ்சின் முன்சக்கரங்களைத்தான் சுற்றும், மொத்த எடை வரம்பு 3500 கிலோ. நாங்கள் இருப்பது இங்கிலாந்தில். ஏரி மாவட்டம், வேல்ஸ், ஸ்காட்லாந்து என்று எங்கே போனாலும் பாதி நாள் ஈரப் புல்லில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. காய்ந்த தரையில் எந்த ராம்ப்பும் வேலை செய்யும், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இது முழுக்க ஈரத்தரைக் கதை.

முதல் வருடம் அக்டோபரில் பாரோடேல் பள்ளத்தாக்குக்குப் போனோம். அங்கே இருக்கிற சீத்வெயிட் என்ற சிற்றூர்தான் இங்கிலாந்தில் ஆள் வசிக்கும் இடங்களிலேயே அதிகம் மழை பெய்யும் இடம், வருடத்துக்கு 3 மீட்டருக்கு மேல் கொட்டும். நாங்கள் நின்றது பக்கத்தில் ஒரு பண்ணை வயல். முன்பக்கம் தாழ்வாக இருந்ததால் இரண்டு முன்சக்கரத்துக்கும் முன்னால் ராம்ப்பை வைத்துவிட்டு, முதல் கியரில் மெதுவாகத்தான் ஏற்றினேன். இடது சக்கரம் நுனியில் ஏறியது, ஒரு கணம் நின்றது, அப்புறம் 'டப்' என்று ஒரு சத்தம். ராம்ப் வண்டிக்கு அடியில் பின்பக்கமாகப் பறந்து போய்க் கழிவுநீர்த் தொட்டியின் வடிகுழாயில் மோதி அதை உடைத்துவிட்டது. வழி காட்டிக்கொண்டிருந்த என் மனைவி அந்தக் குழாயிலிருந்து இரண்டு அடி தள்ளித்தான் நின்றாள். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அவள் கத்திய குரல் இன்னும் எனக்குக் கேட்கிறது. குழாய் போனால் மாற்றிக்கொள்ளலாம். அவள் கணுக்காலில் பட்டிருந்தால்?

அன்று இரவு அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். சக்கரம் ராம்ப்பின் நுனியைத் தொடும் நேரத்தில் வண்டியின் எடை எல்லாம் இன்னும் தரையில்தான் இருக்கிறது, ராம்ப்பின் மேல் ஏதும் இல்லை. ஆனால் உந்தும் விசை மட்டும் முழுசாக ராம்ப்பின் மேல் விழுகிறது. எஞ்சின் சுற்றும் சக்கரமாக இருந்தால் ராம்ப்பைப் பின்னால் உதைக்கும். சும்மா உருளும் பின்சக்கரமாக இருந்தால் அதே ராம்ப்பை முன்னால் தள்ளிக்கொண்டே போகும், புல்லில் அது சறுக்குப்பலகை மாதிரி வழுக்கிக்கொண்டு போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக்கின் அடிப்பக்கம் தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கிறதே, அது பிடிக்காதா என்று கேட்கலாம். காய்ந்த மண்ணில் பிடிக்கும். களிமண்ணில் இரண்டு தடவை வைத்தால் அந்த அறைகள் எல்லாம் சேற்றால் அடைபட்டு அடி வழவழவென்று ஆகிவிடும். பெயின்ட் சுரண்டும் தகடு ஒன்று வைத்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் சுரண்டி எடுத்த பிறகுதான் ராம்ப் பெட்டிக்குள் போகும்.

வழி கண்டுபிடித்தது ஒரு விவசாயப் பொருள் கடையில். குதிரை லாயத்தில் விரிக்கிற கனத்த ரப்பர் மேட், 12 மி.மீ. தடிமன், அடிப்பக்கம் வரிவரியாக இருக்கும். அதில் மீந்த துண்டை வாங்கி ராம்ப்பின் அகலத்துக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் இரண்டாக வெட்டினேன். ராம்ப் மேட்டின் மேல் உட்காரும், இரண்டு ஓட்டை போட்டு நைலான் கயிற்றால் கட்டியிருக்கிறேன். முக்கியமான விஷயம், ராம்ப்புக்கு முன்னால் ஒன்றரை அடி மேட் வெறுமனே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சக்கரம் முதலில் அந்த நீட்டலின் மேல் ஏறி நின்றுவிடும், ஒரு சக்கரத்தில் 800, 900 கிலோ இறங்குகிறது அல்லவா, அந்த எடையே மேட்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், மேட் ராம்ப்பைப் பிடித்துக்கொள்ளும், அதன் பிறகு சக்கரம் ஏறினால் ராம்ப்புக்கு நகர வழியே இல்லை. இதே வேலைக்குத் தகடுகளும் கடையில் கிடைக்கின்றன. எனக்கு ரப்பர் போதும், ஐந்து வருடமாக இதுதான்.

ஆனால் இது பின்சக்கரத்தில்தான் கச்சிதமாக நடக்கிறது. முன்சக்கரம் முறுக்கிச் சுற்ற ஆரம்பித்தால் மேட்டையும் சேர்த்து உதைத்துவிடும். அதனால் முடிந்தவரை பின்பக்கம் தாழ்வாக இருக்கும்படிதான் வண்டியை நிறுத்தப் பார்ப்பேன். பாதையிலிருந்து மேல்நோக்கிச் சரியும் இடம் கிடைத்தால் நேராக ஏற்றி நிறுத்துவேன், ராம்ப் பின்சக்கரத்துக்கு. கிளம்பும்போது ரிவர்ஸில் இறக்கத்தில் வந்துவிடலாம், இராத்திரி மழை பெய்து தரை நனைந்திருந்தாலும் கவலையில்லை. முன்சக்கரத்தையே ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் முன்சக்கரம் நிற்கும் இடத்தில் மேட்டைக் கூடாரம் அடிக்கும் முளைகளால் தரையோடு அறைந்துவிடுவேன். கிளட்சை வைத்து விளையாடக் கூடாது. கருகல் வாடை வந்தால் அன்றைக்கு அந்த முயற்சி போதும், இடத்தை மாற்று.

பல பேர் ராம்ப்பை எடுத்த பிறகுதான் சாய்வு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறார்கள். சின்ன ரசமட்டம் ஒன்று வண்டிக்குள் தரையில் வைத்துப் பார்த்தால் போதும். என் வண்டியில் முன்பின் சக்கர இடைவெளி 4 மீட்டர், நீளவாக்கில் ஒரு டிகிரி சாய்வை எடுக்கவே 7 செ.மீ. தூக்க வேண்டும். அகலவாக்கில் அதே ஒரு டிகிரிக்கு 3 செ.மீ. போதும். அதாவது மேல்படி வரை ஏற்றினாலும் நீளச் சாய்வில் ஒன்றரை டிகிரிதான் சரியாகும். அதற்கு மேல் சாய்வு இருக்கும் இடத்தில் மழையில் நனைந்து ராம்ப்போடு போராடுவதைவிட வண்டியைத் திருப்பி நிறுத்துவது எவ்வளவோ மேல். எங்கள் ஃபிரிட்ஜ் கேஸில் ஓடுவது, அதில் கம்ப்ரஸர் கிடையாது, உள்ளே அம்மோனியாக் கரைசல் தானாகக் கீழிறங்கி ஓட வேண்டும். ரொம்பச் சாய்ந்தால் குளிர்ச்சி நின்றுபோகும். கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. தூக்கம் கெடாத அளவு மட்டமாக இருந்தால் அவர்களுக்குப் போதும்.

எனக்கு இன்னும் தீராத பிரச்சினை ராம்ப் இரவில் புதைவது. ஸ்கை தீவில் கிளென்பிரிட்டில் கடற்கரை ஓரம் நிறுத்திவிட்டுக் காலையில் எழுந்தால் வாசல் கதவு பாதியில் தட்டுகிறது, இடதுபக்கம் மூன்று விரல் இறங்கியிருந்தது. இப்போது மேட்டுக்கு அடியில் 18 மி.மீ. பிளைவுட் ஒரு துண்டு போடுகிறேன், எடை பரவுவதால் கொஞ்சம் தாங்குகிறது. ஆனால் ஈரப் பிளைவுட்டே வழுக்கும், அதனால் மேட்டையும் பலகையையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது. இது எனக்கே அவ்வளவு பிடித்த ஏற்பாடு இல்லை.

இறங்கும்போதும் கவனம் வேண்டும். சேறு பூசிய பிளாஸ்டிக்கில் சட்டென்று பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டி, வண்டி பக்கவாட்டில் சறுக்கும். ஸ்டீயரிங்கை நேராக வைத்துக்கொண்டு பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து இறக்குவேன். ஏற்றி முடித்ததும் ஹேண்ட்பிரேக், கியர், சக்கரத்துக்குக் கட்டை. டிராக்டர் வந்து இழுக்க வேண்டியிருந்தால் மாட்டுகிற கொக்கி வளையத்தை மழை ஆரம்பிக்கும் முன்பே திருகி வைத்துவிடுவேன்.

என் மனைவி இப்போதும் வழி காட்டுகிறாள். ஆனால் ஓட்டுநர் ஜன்னலுக்கு நேர் பக்கவாட்டில், பத்து அடி தள்ளி, கண்ணாடி வழியாக எனக்குத் தெரியும் இடத்தில். சக்கரத்தின் நேர்கோட்டில் முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது, மகள் உட்பட. மனைவி கை தூக்கினால்தான் நான் கிளட்ச்சை விடுவேன். இடது ராம்ப்பின் இரண்டாவது படியில் முடி மாதிரி ஒரு விரிசல் வந்திருக்கிறது, இந்தக் கோடைக்குள் புது ஜோடி வாங்கிவிடுவேன், மேட் மட்டும் அதே பழைய மேட்தான்.