மாட்டுக்கு ஊசி போடுறேன்னு காடில வர்றவங்கள நம்பாதீங்க (சுங்கை சிப்புட் பக்கம் மாடு வச்சிருக்கவங்க படிங்க)

எங்க வீட்ல பெருசும் சிறுசுமா 14 மாடு. தோட்டத்த விட்டு வெளிய வந்தப்புறம் அதுங்க பால்லதான் எங்க பொழப்பே ஓடுது. ஒடம்பெல்லாம் கட்டி கட்டியா வர்ற எல்எஸ்டி நோய் 2021-ல மலேசியாவுக்குள்ள வந்தப்ப எப்படியோ தப்பிச்சிட்டோம், இந்த தடவ பக்கத்து கம்பத்துலயே வந்துருச்சின்னு கேட்டதும் எனக்கு தூக்கமே போச்சு. அந்த நேரம் பாத்து ஒருத்தர் காடில வந்தாரு, "அக்கா இது அந்த நோய் வராம தடுக்குற கவர்மெண்ட் மருந்துதான், வெட்னரி ஆபீஸ்ல பதிஞ்சா லேட்டாகும், மாட்டுக்கு 20 வெள்ளி குடுங்க இப்பவே போட்டுடறேன்"னாரு. 280 வெள்ளி எண்ணிக் குடுத்தேன்.

மருந்து ஒரு செவப்பு பிளாஸ்டிக் பையில இருந்துச்சு. ஐஸ் எல்லாம் கரைஞ்சு தண்ணி, போத்தல தொட்டா வெதுவெதுன்னு இருக்கு. தூள காலையிலயே வேற கொட்டாய்ல கலக்கிட்டாராம், எங்க வீட்டுக்கு வந்தப்ப மணி மூணு. 14 மாட்டுக்கும் ஒரே ஊசி, ஒவ்வொரு மாட்டுக்கும் நடுவுல டெட்டால்ல முக்கி எடுத்தாரு. நான் சுத்தமா செய்றாருன்னு நெனச்சேன், அதான் இன்னும் மனசு ஆறல.

அஞ்சு வாரம் கழிச்சு எங்க லெட்சுமிக்கு காய்ச்சல், மறுநாளு கழுத்துல இருந்து மடி வரைக்கும் கொட்டப்பாக்கு மாதிரி கட்டி, கன்னுக்குட்டிய கிட்டவே விடல. ஏழு மாச சினை மாடு ஒன்னு கன்ன போட்டுருச்சு. அவருக்கு போன் அடிச்சா எடுக்கல.

அப்புறம் வந்த வெட்னரி டாக்டர்தான் வெளக்கமா சொன்னாரு. இது உயிரோட உள்ள கிருமிய பலமில்லாம ஆக்கி செஞ்ச மருந்து, 2-ல இருந்து 8 டிகிரி குளிர்ல வைக்கணும், வெயில் படக்கூடாது, கலக்குனா சில மணி நேரத்துக்குள்ள போட்டு முடிச்சிடணும், டெட்டால் பட்டா மருந்தே செத்துரும். ஒரே ஊசிய போட்டா நோவு உள்ள மாட்டு ரத்தத்துல இருந்து நல்ல மாட்டுக்கும் பரவுமாம். நல்ல மருந்தா இருந்தாலும் ஒடம்புல வேல செய்ய மூணு வாரம் ஆகும், அதனால பக்கத்துல நோய் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, முன்னாடியே ஆபீஸ்ல பதிஞ்சிடுங்க.

யாரு வந்தாலும் மொதல்ல ஐஸ் பெட்டிய தொறக்க சொல்லுங்க, போத்தல்ல தேதி பாருங்க, உங்க கண்ணு முன்னாடி கலக்க சொல்லுங்க, மாட்டுக்கு மாடு ஊசி மாத்த சொல்லுங்க. முடியாதுன்னா காச குடுக்காதீங்க.

அவரு கொட்டாய்லயே போட்டுட்டு போன காலி போத்தல எடுத்து வச்சிருக்கேன், லேபிள பாதி கிழிச்சிருக்காரு. பாக்கணும்னா வீட்டுக்கு வாங்க, காட்டுறேன்.