பூங்காவில் பழைய கான்கிரீட் கால்வாய்: பூசுவதா, கூண்டுக்கல் அடுக்குவதா, ஆறாக விடுவதா?

சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவை ஒட்டி, கல்லாங் ஆறு 2.7 கி.மீ. தூரம் நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாக ஓடிக்கொண்டிருந்தது. நகரம் வளர வளர மழைநீர் கூடி, கால்வாயின் கொள்ளளவு போதாமல் போனது. பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து கான்கிரீட்டைப் பெயர்த்து, சுமார் 3 கி.மீ. நீளமுள்ள வளைந்த ஆறாக அதை மாற்றின. 2012-இல் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவைப் பார்த்தால், நம் ஊர்க் கால்வாயையும் இப்படிச் செய்யலாமே என்று யாருக்கும் தோன்றும். செய்யலாம், அகலம் இருந்தால்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கால்வாயில் தண்ணீர் ஓடும் வேகத்தைக் கணிக்கும் மானிங் சூத்திரத்தில் கான்கிரீட்டின் சொரசொரப்பு எண் 0.015 அளவில் இருக்கும். கல்லும் புல்லும் புதரும் கலந்த கரைக்கு 0.04 வரை வைக்க வேண்டும். எண் கூடினால் தண்ணீரின் வேகம் அதே விகிதத்தில் குறையும். சரிவும் ஆழமும் மாறாவிட்டால், அதே வெள்ளத்தைக் கடத்தப் பசுமைக் கரைக்கு ஏறத்தாழ 2.7 மடங்கு குறுக்குவெட்டுப் பரப்பு தேவை. பீஷானில் 17 முதல் 24 மீட்டர் அகலமாக இருந்த கால்வாய்க்கு, வெள்ளக் காலத்தில் சில இடங்களில் 100 மீட்டர் வரை பரவ இடம் விட்டார்கள். பூங்காவின் 62 ஹெக்டேர் கைவசம் இருந்ததால் அது முடிந்தது. கொள்ளளவும் சுமார் 40 விழுக்காடு கூடியது.

அகலமே இல்லாத இடத்தில் கான்கிரீட்டைப் பழுது பார்ப்பதுதான் சரி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பழுது என்றாலே மேல்பூச்சு என்று நினைப்பதுதான் பெரிய தவறு. சுவரைச் சாய்ப்பது பெரும்பாலும் பின்னால் தேங்கும் தண்ணீர். வெள்ளம் வடியும்போது கால்வாயில் மட்டம் சட்டென்று இறங்கிவிடும். மண்ணுக்குள் இருக்கும் நீர் அவ்வளவு வேகமாக இறங்காது. அந்த அழுத்தம் முழுவதும் சுவரைக் கால்வாய்ப் பக்கமாகத் தள்ளும். அந்த நீர் வெளியேறச் சுவரில் விடும் கசிவுத்துளைகள் அடைபட்டிருந்தால் சுவர் தாங்காது. எனவே முதல் வேலை துளைகள்: 75 மி.மீ. குழாய், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் இடைவெளி, பின்னால் சல்லியும், நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் வடிதுணியும். துணி இல்லாவிட்டால் துளை வழியே மண்ணே வெளியேறும்.

அடுத்து, தளத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். டொக் டொக்கென்று வெற்றொலி கேட்டால், மூட்டு வழியே மண் அரித்துப் போய்க் கீழே பள்ளம் விழுந்திருக்கலாம். அங்கே குறைந்த அழுத்தத்தில் சிமென்ட் குழம்பு செலுத்த வேண்டும். அழுத்தம் கூடினால் தளமே தூக்கிக்கொள்ளும். துருப்பிடித்த கம்பி தெரிந்தால், அதன் பின்பக்கமும் 20 - 25 மி.மீ. வரை கொத்தி, துருவை முழுக்கச் சுரண்டிய பிறகே பழுதுக் கலவை வைக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் கொத்திப் பூசினால் துரு உள்ளே தொடர்ந்து பூச்சைத் தள்ளிவிடும். வெயிலுக்கும் குளிருக்கும் அசையும் வெடிப்பில் எப்பாக்ஸி என்ற இறுகும் பசையைப் போடாதீர்கள். பக்கத்திலேயே புது வெடிப்பு விடும். அங்கே நெகிழும் அடைப்பான்தான் நிற்கும்.

கல் கூண்டு, அதாவது கேபியன், இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. தண்ணீர் ஊடே வடிந்துவிடுவதால் பின்னழுத்தத் தொல்லை மிகக் குறைவு. 2 x 1 x 1 மீட்டர் கூண்டில் 100 - 200 மி.மீ. கற்களைக் கையால் அடுக்க வேண்டும். இயந்திரத்தால் கொட்டினால் வயிறு பிதுங்கும். நகர்ப்புற அழுக்குநீரில் வெறும் துத்தநாகப் பூச்சுக் கம்பி நிலைக்காது, பிவிசி உறை போட்டதே வேண்டும். குழந்தைகள் ஏறும் இடத்தில் அறுந்த கம்பி காயப்படுத்தும் என்பதால் பூங்காவுக்கு இதை முழு நீளத்துக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

பசுமைக் கரை என்றால் வெறும் செடி நடுதல் அல்ல. மண்ணை வடிதுணியில் மடித்து 30 செ.மீ. அடுக்குகளாக ஏற்றுவது, தென்னை நார் உருளைகளைப் பதிப்பது, கல் இடுக்கில் போத்து (வேர்விடும் உயிருள்ள கிளைத்துண்டு) நடுவது எனப் பல முறைகள் உண்டு. போத்து ஒரு மீட்டர் நீளமென்றால் முக்கால் பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். இல்லாவிட்டால் வேர் ஈரத்தைத் தொடாது. இந்த முறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு மரங்களை வைத்து வளர்ந்தவை. அதனால்தான் பீஷானில் 2009-இல், பூங்காவின் பக்கக் கால்வாய் ஒன்றில் 60 மீட்டர் நீளத்துக்குப் பத்து முறைகளைச் சோதித்துவிட்டு, தேறியவற்றை மட்டும் ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். இந்தச் சோதனையைத் தவிர்ப்பதுதான் இவ்வகை வேலையில் நாங்கள் அஞ்சும் குறுக்குவழி. வேர் பிடிக்கும் முன் வரும் முதல் வெள்ளம் போட்ட மண்ணையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும்.

மூன்றிலும் தோல்வி தொடங்கும் இடம் ஒன்றே: கரையின் அடி. வளைவின் வெளிப்புறத்தில் அரிப்பு அதிகம், அங்கே செடியை நம்பாமல் பெருங்கல் வைக்க வேண்டும்.

இன்னொரு செலவையும் ஆற்றுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். வேலி போய் மக்கள் தண்ணீர் அருகே வருவார்கள். வெப்பமண்டல மழையில் மட்டம் நிமிடங்களில் ஏறும். பீஷானில் நீர்மட்ட உணரிகள், எச்சரிக்கை விளக்கு, சைரன் எல்லாம் இருக்கின்றன. கரைச் சரிவும் மட்டம் உயர உயர நடந்தே ஏறிவிடும் அளவுக்குத் தாழ்வாக விடப்பட்டிருக்கிறது. இதற்கும் பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க முடியாத நிர்வாகம், கசிவுத்துளைகளைச் சுத்தம் செய்துகொண்டு கான்கிரீட்டையே வைத்திருப்பது பாதுகாப்பு.