எலும்பை எடுத்துவிடுவதா, கழுவித் திரும்ப வைப்பதா?

பர்மாவின் மோல்மீனில் பைக்கிலிருந்து விழுந்த சித்தப்பாவுக்கு ரங்கூனில் மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்தார்கள். மூன்றாவது வாரம் தலையணை உறையில் மஞ்சளாக ஒரு வட்டம். தையல் நுனியில் ஊசிமுனை அளவு ஓட்டை, லேசாகத் தொட்டாலே சீழ். சித்தி அதன்மேல் பூச தனாக்கா (பர்மாக்காரர்கள் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) அரைக்கக் கல்லை எடுத்துவிட்டார். நல்லவேளை, கையைப் பிடித்து நிறுத்தினேன்.

தோலோடு நின்ற தொற்றென்றால் கழுவி, மருந்து கொடுத்து ஆற்றிவிடலாம். சித்தப்பாவுக்கு அது எலும்புவரை போயிருந்தது. டாக்டர் சயா இரண்டு வழி சொன்னார்.

ஒன்று, முதல் ஆபரேஷனில் அறுத்துத் திறந்து, திரும்பப் பொருத்திய மண்டை எலும்புத் துண்டை எடுத்து எறிந்துவிடுவது. கழற்றி வைத்த துண்டுக்கு ரத்த ஓட்டம் இல்லை. ரத்தம் போகாத இடத்துக்கு ஊசிமருந்தும் சரியாகப் போகாது. அதன்மேல் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் பாசி மாதிரி படலம் கட்டி உட்கார்ந்துகொள்ளும். துண்டு போனால் அவற்றின் கூடும் போய்விடும். மூளை வீங்கியவர்களுக்கு எலும்பை வயிற்றுத் தோலுக்கடியில் பத்திரப்படுத்துவார்களே, சீழ் பிடித்த எலும்புக்கு அது ஆகாது. அப்புறம் மாதக்கணக்கில் தலையில் ஒரு மெத்தென்ற பள்ளம். சிலருக்குத் தோல் உள்ளே அமுங்கித் தலைவலி, கிறுகிறுப்பு, கைகால் பலவீனம்கூட வரும். கடைசியில் டைட்டானிய உலோகத் தகடோ அக்ரிலிக்கோ வைத்து மூட இன்னொரு ஆபரேஷன்.

மற்றது, அதே துண்டைச் சுரண்டி, போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, திரும்பப் பொருத்துவது. பள்ளம் இல்லை, தகட்டுச் செலவும் இல்லை. ஆனால் சீக்கிரமே கண்டுபிடித்திருக்க வேண்டும், எலும்பு கெட்டியாக இருக்க வேண்டும், அந்த இடத்தில் கதிர்வீச்சு சிகிச்சை நடந்திருக்கக் கூடாது. தவறினால் மறுபடி ஆபரேஷன் தியேட்டர்தான். மருந்து எப்படியும் வாரக்கணக்கில் ஓடும்.

கழுவிய கையோடு டைட்டானியத் தகடு வைத்து மூடுகிறவர்களும் உண்டு. ஒரே மயக்கத்தில் வேலை முடியும், பணம் மட்டும் அன்றைக்கே கையில் இருக்க வேண்டும். எங்களிடம் இல்லை.

ரங்கூனிலேயே வீடு, எலும்பும் திடம் என்றால் நான் கழுவி வைக்கத்தான் சொல்லியிருப்பேன். சித்தப்பாவின் ஸ்கேனில் எலும்பின் ஓரம் செல்லரித்த பலகை மாதிரி இருந்தது. ஊருக்கோ ஏறத்தாழ 300 கிலோமீட்டர். நடுராத்திரியில் காய்ச்சல் வந்தால் பஸ்ஸுக்கு எங்கே போவது? எடுத்துவிடச் சொன்னோம்.

இப்போது அவர் கட்டிலைவிட்டு இறங்கினால் கட்டட வேலைக்காரர்களின் மஞ்சள் ஹெல்மெட் தலையில் இருக்கும். இருமும்போது பள்ளத்துத் தோல் மேலே எழும்பி இறங்குவதைப் பேரன் எண்ணிக்கொண்டிருக்கிறான்.