கடையில் வாசிப்புக் கூட்டமா, கண்காட்சியில் கையெழுத்தா?

எழுத்தாளரின் முதல் நூல் என்றால் புத்தகக் கடைக் கூட்டம்தான். ஜனவரியில் பபாசி (தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கம்) நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சியில் கூட்டம் தானாக வரும். ஆனால் ஒலிபெருக்கி இரைச்சலில் ஒரு பத்திகூட வாசிக்க முடியாது, பெயர் தெரியாதவர் முன் யாரும் நிற்பதுமில்லை. ஏற்கெனவே வாசகர் உள்ளவருக்கு அங்கே விடுமுறை மாலைகள் பலன் தரும்.

கடைக்கு 30 நாற்காலி போதும். 50 போட்டால் புகைப்படத்தில் காலி இருக்கைதான் தெரியும். 10 நிமிட வாசிப்பு, 20 நிமிட உரையாடல், பிறகு கேள்விகள். வாழ்த்துரைக்கு நான்கு பேரை ஏற்றினால், எழுத்தாளர் (பாவம்) வாய் திறப்பதற்குள் பாதிப்பேர் பஸ் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். பிரதிகள் அச்சகத்திலிருந்து முந்தின நாளே வந்துவிட வேண்டும். கையெழுத்து மேசையிலேயே ஜிபே அட்டையை வையுங்கள். பில்லுக்குத் தனி வரிசை என்றால் வாங்க வந்தவரும் நழுவிவிடுவார்.