கச்சா இறப்பு விகிதமா, வயது தரப்படுத்திய விகிதமா?

பிறப்பு, இறப்பை மாதிரிப் பகுதிகளில் கணக்கெடுக்கும் அரசின் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2020 கணக்கில் கச்சா இறப்பு விகிதம், அதாவது வயது பார்க்காமல் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு எத்தனை இறப்பு என்பது, கேரளத்தில் 7.0, பீகாரில் 5.4. அதே கணக்கில் சிசு மரணமோ ஆயிரம் பிறப்புக்கு முறையே 6, 27. கேரளத்தில் முதியோர் அதிகம். கச்சா விகிதம் ஏறுவது அதனால்தான்.

ஓர் உதாரணக் கணக்கு. 'அ' ஊரில் 60 வயது தாண்டியோர் 20%. அவர்களில் ஆயிரத்துக்கு 40 பேர் இறக்கிறார்கள், மற்றவர்களில் 2 பேர். கச்சா விகிதம் 9.6. 'ஆ' ஊரில் முதியோர் 7%தான். இறப்பு 50, 3. கச்சா விகிதம் 6.3. எந்த வயதிலும் 'ஆ' மோசம், ஆனால் மொத்தத்தில் நல்ல பிள்ளை!

இரண்டுக்கும் முதியோர் 10% என்ற ஒரே அளவுகோலை வைத்துப் பெருக்கிக் கூட்டினால் 'அ' 5.8, 'ஆ' 7.7. இதுதான் வயது தரப்படுத்திய விகிதம்.

தரப்படுத்திய எண்ணுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. அளவுகோலை மாற்றினால் எண்ணும் மாறும்; உலக சுகாதார நிறுவன அளவுகோலில் வந்ததை வேறொன்றில் வந்ததோடு ஒப்பிடக் கூடாது. சிற்றூர்களில் வயதுவாரி இறப்புகள் சொற்பம் என்பதால் விகிதம் தாறுமாறாக ஆடும்.

மயானத்துக்கு எத்தனை தகன மேடை தேவை என்றால் கச்சா விகிதமே போதும்.